மகாலுக்குப் போன பிள்ளைகள்

சோழவந்தானுக்கு மேற்கே, நம் வீடு
தாது வருஷம், மார்கழி மாதம்

சிரஞ்சீவி மலையாண்டிக்கு உன் தகப்பன் முத்துக்கருப்பன் மனசார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் ஆத்தாளும் உன் தங்கச்சி அன்னக்கொடியும் செவலைப் பசுவும் சௌக்கியம். சௌக்கியம் என்று மொட்டையாக எழுதவேண்டாம், முழங்கால் வலி என்று எழுதுங்கள் என்று உன் ஆத்தா பக்கத்தில் நின்று சொல்கிறாள், ஆகையால் முழங்கால் வலியோடு சௌக்கியம் என்று படித்துக்கொள். அவ்விடம் ரங்கூனில் உன் தேகநிலையும் அரிசி மில் கணக்கு வேலையும் எப்படி என்று விவரமாக எழுதவும். நல்லபடியாக இல்லாவிட்டாலும் கொஞ்சம் நல்லபடியாகவே எழுது, ஏனென்றால் உன் கடிதத்தை உன் ஆத்தாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டவேண்டியிருக்கிறது, மூன்றாம் வகுப்பு முடித்து நாலாம் வகுப்பு வாசப்படியில் வழுக்கி விழுந்தவனுக்கு வாசிக்கிறபோதே மாற்றிச் சொல்கிற சாமர்த்தியம் கிடையாது. போன தடவை உனக்குக் காய்ச்சல் என்று நான் அப்படியே வாசித்துவிட்டு இரண்டு நாள் இந்த வீட்டில் நல்ல சோறு தின்னவில்லை.

கார்த்திகையில் நீ போட்ட கடிதத்திலும் நம் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வடபக்கம் மழை எப்படி என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முந்தின கடிதத்திலும் அதையே கேட்டிருந்தாய். வடபக்கம் என்றால் உன் மாமன் விருமாண்டியின் கொடிக்கால் என்பதும், மழை என்றால் அவன் மூத்த மகள் செல்லத்தாய் என்பதும் எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அப்படியே நினைத்துக்கொண்டிரு. இங்கே தென்பக்கம் பெய்தால் வடபக்கமும் பெய்யும், நடுவில் இருப்பது ஒரு வரப்புதான். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்க இடமில்லாத அந்த வரப்பு என்னுடையது என்று நான் பிராது போட்டதும், இல்லை என்னுடையது என்று உன் மாமன் பதில் போட்டதும், அன்றிலிருந்து கூடப்பிறந்த அக்காள் வீட்டுக்கு அவன் வராமல் போனதும், செல்லத்தாயை உனக்கென்று அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே பேசிவைத்த பேச்சு அப்படியே அந்தரத்தில் நின்றதும், நீ கப்பல் ஏறினதும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து செல்லத்தாய்க்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள், தை பிறந்ததும் நிச்சயம் என்று ஐப்பசியிலேயே ஊரில் பேச்சு. இதை உனக்கு அப்போதே எழுதச் சொல்லி உன் ஆத்தா என்னைப் படுத்தினாள். நான் எழுதவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவன் இதைப் படித்துவிட்டு என்ன செய்வான், நீந்தியா வருவான் என்று இருந்துவிட்டேன். பதறாதே, முழுக் கடிதத்தையும் படி. நடுவில் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் நிறைய வரும், அதைத் தாண்டிப் போய்விடாதே, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உன் தங்கச்சி இப்போது நம் ஊர் போர்டு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தகப்பனை விட ஒரு வகுப்பு கூடப் படிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் நடக்கிற நடையே வேறு. அங்கே பெரிய வாத்தியார் ஹாலாஸ்யம் என்று ஒருவர், மதுரைப் பட்டணத்துக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷர், ஒல்லி, குடையில்லாமல் நடக்கமாட்டார். இவர் பிள்ளைகளை உயரப்படி உட்காரவைக்கிறவர். அன்னக்கொடியும் உன் மாமனின் இளைய மகள் சோணையம்மாளும் வகுப்பிலேயே குட்டை, ஆகையால் இரண்டும் முன் வரிசையில் ஒரே பலகை. வீட்டில் அந்தப் பிள்ளையோடு பேசக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிறவளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லவேண்டும் என்று வாத்தியார் சட்டம் போட்டிருக்கிறார். எந்தச் சட்டம் ஜெயித்தது என்று நீயே ஊகித்துக்கொள்.

ஐப்பசியில் தீபாவளி கழிந்து ஒரு நாள் இந்த ஹாலாஸ்யம் வாத்தியார் பிள்ளைகளிடம், வருகிற செவ்வாய்க்கிழமை எல்லோரும் மகாலுக்குப் போகிறோம், கட்டுச்சோறு கொண்டுவரவேண்டும், தகப்பனார் சம்மதக் கையெழுத்து வேண்டும், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்து அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் பட்டணத்துக்காரர், நம் பக்கத்துப் பேச்சு அவருக்குத் தெரியாது. நம் ஊரில் மகாலுக்குப் போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நாயக்கர் மகாலுக்குள் கோர்ட்டு இருக்கிறது, கோர்ட்டைத் தவிர வேறு காரியத்துக்கு அங்கே நம்மவர் யாரும் போனதில்லை. ஒன்ன மகாலுக்கு இழுக்காம விடமாட்டேன்டா என்று சொல்லாமல் இந்த ஊரில் ஒரு சண்டை முடிந்ததுண்டா. அப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகளை மகாலுக்குக் கொண்டுபோகிறார்கள், அதற்குக் கைநாட்டும் கேட்கிறார்கள் என்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு செய்தி போனால் என்ன ஆகும். அன்றைக்கு எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. மறுநாள் பொழுது விடிய பொம்பளைகள் எல்லாம் பள்ளிக்கூட வாசலில். மேலத்தெரு முனியாயி தன் மகனை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, எம் பய மாங்கா பறிச்சது நெசந்தான் சாமி, நான் மறைக்கல, அதுக்காகப் பச்சைப் புள்ளைய மகால் வரைக்கும் இழுக்கலாமா என்று ஒப்பாரி வைத்தாள். வாத்தியார், மாங்காயா, எந்த மாங்காய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்து மாங்காய்தான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பயல் ஆத்தாளை ஒரு பார்வை பார்த்தான், பாவம், அது வரைக்கும் அவன் மாட்டவில்லை.

ஊர்க்காரர்கள் பயந்தது ஒரு மாதிரி, நான் பயந்தது வேறு மாதிரி. வருஷக்கணக்காக வழக்கு நடத்துகிறவன் இல்லையா, எனக்கு மற்றவர்களை விட மூளை கூடுதலாக வேலை செய்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி நம் வரப்பு வழி, வரப்பில் அகத்தியை யார் வெட்டினது யார் நட்டது என்று பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், ஆக விருமாண்டி இந்த வாத்தியாரைக் கையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றப்போகிறான், என் மகளையே எனக்கு எதிர்ச்சாட்சி ஆக்கப்போகிறான் என்று முடிவுகட்டிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே கீழ்ப்பக்கத்துச் சன்னலில் உன் மாமன் நின்றுகொண்டு, எம் மகளை வச்சே எனக்குக் குழி வெட்டச் சொன்னானா அந்த ஆளு என்று வாத்தியாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ஆளு என்றது என்னை. நான் மேல்பக்கத்துச் சன்னலுக்குப் போய்விட்டேன். வாத்தியார் நடுவில் நின்று இந்தப்பக்கம் ஒரு வார்த்தை அந்தப்பக்கம் ஒரு வார்த்தை. ஓய், மகால்னா கோர்ட்டு மட்டுந்தானா, அரண்மனை ஓய், ராஜா இருந்த இடம், என்னமா தூண், என்னமா வளைவு, குழந்தைகள் கொஞ்சம் நிமிர்ந்து பாக்கட்டுமேன்னு அழைச்சுண்டு போறேன், நீங்க ரெண்டு பேரும் அங்கே எத்தனையோ தரம் போயிருப்பேள், ஒரு தரமாவது மேலே நிமிர்ந்து பாத்திருக்கேளா என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். மகாலுக்குப் போனால் வக்கீல் வாயைப் பார்ப்பேன், பெயர் கூப்பிடுகிற டவாலி வாயைப் பார்ப்பேன், கால் கடுத்தால் ஒரு தூணில் சாய்ந்து வெற்றிலை போடுவேன். மேலே பார்த்த ஞாபகம் இல்லை. உன் மாமன் சன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தால் அவனும் பார்த்ததில்லை போலிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் தகராறு இல்லை. இருவரும் ஆளுக்கொரு சன்னலில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு வழியாக வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் வழக்குக்கே வாய்தா என்பது ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சோழவந்தான் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். எஞ்சினுக்கு அடுத்த வண்டியில் நான், கடைசி வண்டியில் உன் மாமன், நடுவில் பள்ளிக்கூடம். பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ரயில். சமயநல்லூர் வருகிற வரைக்கும் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டே வந்தானாம், ரயிலை விட்டு இறங்கினதும் மறுபடி ஏறணும் நான் ஒண்ணுமே பாக்கல என்று அழுதானாம். மதுரையில் இறங்கி எல்லோரையும் ஜோடி ஜோடியாகக் கைகோர்த்து நடக்கவிட்டார் வாத்தியார், குட்டை ஜோடி முன்னால். நம் வீட்டுப் பிள்ளையும் மாமன் வீட்டுப் பிள்ளையும் கை வீசி முன்னே போக, நான் தெருவின் இந்த ஓரம் அவன் அந்த ஓரம், பார்த்தவர்கள் நாங்கள்தான் ஊர்வலத்துக்குக் காவல் என்று நினைத்திருப்பார்கள். உன் ஆத்தா அன்னக்கொடிக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோறு நாலு ஆள் தின்கிற அளவு. இம்புட்டா ஒரு பிள்ளைக்கு என்று நான் காலையில் கேட்டதற்கு, வளருகிற பிள்ளை என்றாள். மகால் முற்றத்து நிழலில் இலையைப் பிரித்து அதில் பாதியைச் சோணையம்மாள் முன்னால் உன் தங்கச்சி நகர்த்தினபோதுதான் எந்தப் பிள்ளை வளருகிறது என்று தெரிந்தது. உன் ஆத்தாவிடம் அவள் தம்பி வீட்டோடு பேசக்கூடாது என்று நான் சொன்னேனே தவிர சோறு போடக்கூடாது என்று சொல்லவில்லை. உன் ஆத்தாவை வக்கீலுக்கு வைத்திருந்தால் என் வழக்கு என்றைக்கோ ஜெயித்திருக்கும்.

என் வக்கீல் வெங்கட்ரமணய்யர் வேறொரு கோர்ட்டில் வேறொரு வழக்குக்குப் போகிறேன், பெயர் கூப்பிட்டால் நீர் உள்ளே போய் நின்றுகொண்டு எனக்கு ஆள் அனுப்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். விருமாண்டியின் வக்கீலுக்குக் காய்ச்சல் என்று அவர் வரவே இல்லை. நான் வழக்கமாகச் சாய்கிற தூணில் சாய்ந்தேன். அந்த நேரம் பார்த்து வாத்தியார் அதே தூணடிக்கு முழுப் பள்ளிக்கூடத்தையும் கொண்டுவந்து நிறுத்தி, இந்தத் தூணை மூணு பெரியவா கையைக் கோத்துக் கட்டிப் பிடிச்சாத்தான் முடியும், தெரியுமோ என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. அப்படியானால் பிடித்துக் காட்டுங்கள் என்றார்கள். அவர் குடையைக் கீழே வைத்துவிட்டுத் தூணை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு பெரியவா வேணுமே என்றார். அவர் வாயை மூடவில்லை, அதற்குள் அன்னக்கொடி என் கையைப் பிடித்து இழுக்கிறாள். வாங்க அய்யா, நீங்க சும்மாதான இருக்கீக என்கிறாள். மகாலில் சும்மா இருக்கிறவன் என்று வருஷக்கணக்கில் என் காரியத்தைச் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். சரி என்று நானும் தூணில் நெஞ்சை வைத்துக் கையை விரித்தேன். வலது கையில் வாத்தியார் கை கிடைத்தது, ஈர்க்குச்சி மாதிரி. இடது கையை நீட்டி அந்தப்பக்கம் துழாவினேன். சோணையம்மாள் யாரை இழுத்துவந்தாள் என்று நான் பார்க்கவில்லை, முகம் முழுக்கச் சுண்ணாம்பு, என்னத்தைப் பார்ப்பது. ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. கொடி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை. அது யார் கை என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை, என் கல்யாணத்தன்று மணவறைக்கு என்னைக் கூட்டிப்போன மச்சினன் கை அது, அன்றைக்கும் இப்படித்தான் வலிக்கிற மாதிரி பிடித்தான்.

பிள்ளைகள் சுற்றி வந்து பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள், மூணுதான் மூணுதான் என்று கத்துகிறார்கள். வாத்தியார், விட்டுடாதீங்கோ, ஒண்ணாம் வகுப்பு இன்னும் பாக்கல என்கிறார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து டவாலி வந்து என் பெயரையும் உன் மாமன் பெயரையும் சொல்லி ஆஜர் உண்டா என்று கூப்பிட்டான். அந்தக் குரல் உனக்குத் தெரியாது, வளைவுக்கு வளைவு மோதித் திரும்பி வரும். எனக்கு நன்றாகக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும், காது இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் பிடியை விடட்டும் நானும் விடுகிறேன் என்று நான் இருந்தேன். நான் விடட்டும் என்று அவன் இருந்தான் போலிருக்கிறது, பிடி இறுகினதே தவிரத் தளரவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டான். மூன்றாம் தரமும் கூப்பிட்டான். எந்த வீம்பில் வழக்குத் தொடங்கினோமோ அதே வீம்பில் நின்றோம். ஒன்றாம் வகுப்பு வந்து பார்த்துவிட்டுப் போனது. கையை விட்டுவிட்டு அவன் அந்தப்பக்கமாகவே போனான் நான் இந்தப்பக்கமாகவே வந்தேன், முகம் பார்க்கவில்லை. இரு தரப்பும் ஆஜர் இல்லை, வழக்குத் தள்ளுபடி என்று உள்ளே எழுதி முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் மேலே நிமிர்ந்து பார்த்தேன், வேறு பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. வாத்தியார் சொன்னது உண்மை, நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

வக்கீலய்யர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஓய், நீர் தூணைக் கட்டிப் பிடிக்கறதுக்கு நான் வக்காலத்து வாங்கல்லே என்றார். பிறகு ஆறி, ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டால் வழக்குக்கு மறுபடி உயிர் வரும், ஏதாவது நல்ல காரணமாகச் சொல்லும், காய்ச்சல் கீய்ச்சல் என்று சொல்லும் என்றார். பிராது போட்டவன் நான், ஆகையால் உயிர் கொடுக்கிறதும் விடுகிறதும் என் கையில். வீட்டில் சொன்னேன். மூன்று நாள் உன் ஆத்தா வைத்த ரசத்தில் உப்பு இல்லை. ஊரில் விருமாண்டி ஜெயித்துவிட்டான் என்று பேசினார்கள். மீசையை முறுக்குவான், கோயிலில் வெடி போடுவான் என்று நான் காத்திருந்தேன், வெடி போட்டால் மறுநாளே ரயில் ஏறி மனுப் போடுவது என்று துண்டைத் துவைத்து வைத்திருந்தேன். போடவில்லை. அவன் சும்மா இருந்ததில் எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வக்கீலய்யர் இரண்டு தரம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். போகலாமா வேண்டாமா என்று நான் வரப்புக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தை நெருங்கிக்கொண்டிருந்தது, உசிலம்பட்டிக்காரர்கள் ஒரு தரம் வந்து உன் மாமனின் பசு மாட்டையும் கொடிக்காலையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு நடுவில் கார்த்திகைக் கடைசியில் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா வந்தது. டிப்டி இன்ஸ்பெக்டர் தலைமை. பெரியவர்களுக்கெல்லாம் வாத்தியார் ஆளுக்கொரு கமிட்டி பிரித்துக்கொடுத்தார். நம்மிடம் மூங்கில் இருக்கிறதே, எனக்குப் பந்தல் கமிட்டி. கமிட்டி என்றால் நான் ஒருத்தன்தான். விருமாண்டிக்குத் தண்ணீர்ப் பானைக் கமிட்டி. அவன் பானையைக் கொண்டுவந்து என் பந்தல் காலடியில் வைத்துவிட்டுப் போனான், இடம் இருந்த இடத்தில் வைத்தானா வேண்டுமென்றே வைத்தானா தெரியாது, வருகிறவன் போகிறவனெல்லாம் தண்ணீரைச் சிந்திச் சிந்திக் காலடி மண் சேறாகிவிட்டது. பிற்பகல் கடவுள் வாழ்த்து, பெண் பிள்ளைகள் கும்மி, சாக்கு ஓட்டம். பெற்றோருக்கு என்று எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டம் வைத்தார்கள், அதில் நான் கடைசி. கடைசி என்றாலும் பழம் கீழே விழவில்லை, ஏனென்றால் நான் ஓடவில்லை. மாங்காய்ப் பயல் ஒரு இங்கிலீஷ் பாட்டுச் சொன்னான், அதில் எங்களுக்குப் புரிந்தது அவன் கும்பிட்டது மட்டும்.

கடைசியில் நாடகம். மகாலுக்குப் போய்வந்த சூட்டில் வாத்தியாரே எழுதினது, நாயக்கர் ராஜா சபை. அன்னக்கொடி ராஜா, கரியால் மீசை, அட்டைக் கிரீடம், தென்னை மட்டைக் கத்தி. சோணையம்மாள் கட்டியங்காரன், அதாவது ராஜா வருகிறபோது முன்னால் வந்து ராஜாதி ராஜ என்று பராக்குச் சொல்கிற ஆள். ராஜாவுக்கு உடுப்பு யார் தைத்தது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். திரை விலகினது. ராஜா முக்காலியில் உட்கார்ந்தாள். சோணையம்மாள் கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், பாடம் பண்ணினதெல்லாம் பறந்துவிட்டது. வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து ராஜாதி ராஜ ராஜாதி ராஜ என்று முனகுகிறார், அவள் காதில் ஏறவில்லை. மகாலில் ஒருத்தன் முன்னால் வந்து நின்று என்ன சொன்னான் என்பது மட்டும் அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி, முத்துக்கருப்பன், விருமாண்டி, ஆஜர் உண்டா என்று டவாலி கூப்பிட்ட அதே இழுப்பில் கூப்பிட்டாள்.

மலையாண்டி, நம் பக்கத்தில் பெற்ற தகப்பன் பேரைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்கிறதுண்டா. அதுவும் சபையில், அதுவும் மாமன் முறையான என் பேரையும் சேர்த்து. பொம்பளைகள் பக்கம் ஆத்தாடி என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கினது. யாரும் சிரிக்கவில்லை. அவள் கோலைத் தட்டி இரண்டாம் தரம் கூப்பிட்டாள். எல்லாத் தலையும் ஒரு தரம் என் பக்கம் ஒரு தரம் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பினது. நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இன்னும் என் கையில்தான் இருந்தது. பதில் வராததில் அந்தப் பிள்ளைக்கு உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது குரல் பாதி அழுகை. அவள் அழுதால் நாடகம் போயிற்று, பள்ளிக்கூடத்து மானம் போயிற்று, அன்னக்கொடி கிரீடத்தோடு வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பாள். மகாலில் கூப்பிட்டது கவர்ன்மெண்டு, வராமல் இருந்துவிடலாம். இங்கே கூப்பிடுகிறது பிள்ளை. நான் எழுந்து, இருக்கேன் தாயி என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பானைப் பக்கமிருந்து, வந்துட்டேன் தாயி, அழுகாத என்று ஒரு குரல். எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டானோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது, உன் ஆத்தா அவன்தான் முந்தி என்கிறாள், அவள் தம்பி ஆச்சே.

ஆள் இரண்டு பேர் எழுந்து நின்றாகிவிட்டது, இனி என்ன என்று வாத்தியார் எழுதின நாடகத்தில் கிடையாது. ராஜா யோசித்தாள். மகாலில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து அவள் பார்த்தது ஒரே ஒரு காரியம்தானே. மட்டைக் கத்தியை நீட்டி, ரெண்டு பேரும் போயித் தூணப் பிடிங்க என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அங்கே தூண் ஏது, நான் நட்ட மூங்கில் கால்தான். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இந்தப்பக்கம் பிடித்தேன், அவன் அந்தப்பக்கம் பிடித்தான். மகால் தூணை மூன்று பேர் அணைத்தும் முகம் தெரியாமல் தப்பித்தோம், கைப்பிடி கனமுள்ள மூங்கிலில் எங்கே ஒளிவது. ஒரு சாண் தூரத்தில் உன் மாமன் முகம். நரைத்துவிட்டான். என்னைப் பார்த்து அவன் என்ன நினைத்தானோ. மூங்கில் ஆடிற்று. என்ன மச்சான், காலு இந்த ஆட்டம் ஆடுது, எந்தப் பய நட்டது என்றான். நாந்தான் மாப்ள நட்டேன், ஓம் பானைத் தண்ணி மண்ணக் கரைச்சிருச்சு என்றேன். பானை வச்ச எடத்துல காலை நட்டது நீயா நானா என்றான். காலு நட்ட எடத்துல பானைய வச்சது நீ என்றேன். அடுத்த வழக்குக்கு வேண்டிய சரக்கு அங்கேயே சேர்ந்துவிட்டது. அதற்குள் அவன் குரலை இறக்கி, பய எப்ப வாரானாம் என்றான். எந்தப் பய என்றேன். ஒனக்கு எத்தனை பய இருக்கான் மச்சான், அந்த ரங்கூன் பயதான் என்றான். எழுதிக் கேக்குறேன் என்றேன். சபையெல்லாம் கைதட்டிற்று, நாடகத்துக்கா எங்களுக்கா தெரியவில்லை. பெற்றோர்களும் வேஷமில்லாமல் நாடகத்தில் பங்கெடுத்தது மெச்சத்தக்கது என்று இன்ஸ்பெக்டர் பேசினார், நானும் விருமாண்டியும் தலையாட்டினோம்.

மறுநாள் சோணையம்மாள் நம் கொல்லைப்புறம் வழியாக வராமல் தெருவாசல் வழியாகவே வந்து, உசிலம்பட்டிக்கு அய்யா வேண்டாம்னு ஆள் அனுப்பிட்டாக, அத்தைகிட்டச் சொல்லச் சொன்னாக என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வக்கீலய்யர் சொன்ன கெடு போன வாரம் முடிந்தது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அந்தப்பக்கக் காலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, உன் மாமன் பிடித்தான். வரப்பு யாருடையது என்று இப்போதும் முடிவாகவில்லை. உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஒரு வழி வேண்டும், அது பாதையாகவே கிடக்கட்டும் என்று இருக்கிறேன். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் தானும் அதையே நினைத்தேன், நாந்தான் முந்தி என்பான்.

ஆகையால் மில் முதலாளியிடம் பக்குவமாகப் பேசிச் சித்திரைக்கு முந்தின கப்பலில் வந்து சேர். வைகாசியில் நாள் பார்க்கலாம் என்று உன் ஆத்தா சொல்கிறாள், முழங்கால் வலியைப் பற்றி இந்தப் பக்கத்தை எழுதுகிறபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, பர்மாச் சுருட்டைத் தொடாதே, கப்பலில் வருகிறபோது ஓரத்தில் நிற்காதே. வருகிறபோது பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு நல்ல மணி வாங்கிவா, இப்போது தண்டவாளத் துண்டைத்தான் தட்டுகிறார்கள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுசையும் குறையாத தேகபலத்தையும் தகப்பனை விடக் கொஞ்சம் கூடுதல் புத்தியையும் கொடுக்கட்டும்.

மறந்துவிடாமல் ஒன்று. ராஜாவுக்கு உடுப்புத் தைத்தது செல்லத்தாய். அதற்குத் துணி வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியபோது, பெட்டியில் இடமில்லை என்று நீ விட்டுப்போன ஜரிகைக்கரை அங்கவஸ்திரத்தை உன் ஆத்தா என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டாள். நாடகம் முடிந்து கிரீடம் திரும்பி வந்தது, மட்டைக் கத்தி திரும்பி வந்தது, அங்கவஸ்திரம் மட்டும் வரவில்லை. நான் போய்க் கேட்டு வாங்கி வரட்டுமா என்றேன். இருக்கட்டும், துணிக்குச் சொந்தக்காரன் வந்து வாங்கிக்கிடுவான் என்கிறாள் உன் ஆத்தா. இனிமேல் மழை விசாரித்து எழுதவேண்டாம், கப்பல் தேதியை மட்டும் எழுது.

இப்படிக்கு,
கூப்பிட்டதும் ஆஜரான உன் தகப்பன்
முத்துக்கருப்பன்